எந்திரனும் வெட்டியானும்

இந்த வருசம் ரெண்டாம் போக அறுவடை நடந்துகொண்டிருந்தபோது என் தங்கச்சி மகன் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து நின்றான். சென்னையில் காட்சித் தொடர்பியல் படிக்கிற பையன். "மாமா, சுஜாதாவோட 'என் இனிய இயந்திரா'வப் படமா எடுக்கப் போறோம். திரைக்கதை எழுதியாச்சு. படிச்சிட்டு ஒளிக்காமச் சொல்லுங்க" என்றான். 'போறோம்' என்றால் அவனும் கூடப் படிக்கிற நாலு பிள்ளைகளும். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, செல்போன் காமிராவில் ஒரு மணி நேரப் படம். கதை உரிமை யார்கிட்ட இருக்கு, கேட்டீங்களாடா என்றேன். படிப்புக்காக எடுப்பது, வெளியே திரையிட வேண்டுமென்றால் எழுதி வாங்கிக்கொள்வோம் என்றான். விவரமான பையன்தான்.

களத்துமேட்டில் உட்கார்ந்து படித்தேன். எதிர் வயலில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கதை நடக்கும் வருசமாக சுஜாதா வைத்தது கி.பி. 2021. அது வந்து போயே விட்டது. அதனால் பையன் 2051 என்று மாற்றியிருக்கிறான். முதல் பக்கத்தில் சென்னை. கண்ணாடிக் கட்டடங்கள், பறக்கும் வாகனங்கள், வெள்ளை உடுப்புப் போட்ட சனங்கள். எழுத்து நன்றாகவே இருந்தது. முழுசும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"மாப்ள, இந்தக் கண்ணாடிக் கட்டடத்துல கக்கூஸ் இருக்கா? அடைச்சுக்கிட்டா யாரு இறங்குவா?"

முதலில் சிரித்தான். அப்புறம் முகம் சுருங்கிப்போச்சு. காகிதத்தை வாங்கிக்கொண்டு போனவன் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்தச் சண்டையைத்தான் இங்கே எழுதுகிறேன். மாமன் மருமகன் சண்டையை எதுக்குப் பத்திரிகையில் எழுத வேண்டும் என்று கேட்கலாம். அந்த நாவலை நாளைக்கு ஒரு பெரிய கம்பெனி கோடிகளைக் கொட்டி எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அதனால் எழுதுகிறேன்.

*

நாவலைப் படிக்காத தோழர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பிறகு தூர்தர்ஷனிலும் தொடராக வந்தது. 'மீண்டும் ஜீனோ' என்று இரண்டாம் பாகமும் உண்டு. ஜீவா என்கிற சர்வாதிகாரி நாட்டை ஆளுகிறான். எல்லோருக்கும் ரெண்டெழுத்துப் பெயர்தான், கூடவே ஒரு எண். பிள்ளை பெற அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். வயசு ஏறிவிட்டால் வாழவும் விடமாட்டார்கள். நிலா என்ற பெண்ணின் புருசன் காணாமல் போகிறான். அவள் வீட்டுக்குக் குடிவருகிற ரவியிடம் ஜீனோ என்று ஒரு இயந்திர நாய். அது பேசும், புத்தகம் படிக்கும், படிக்கப் படிக்கச் சொந்தமாக யோசிக்க ஆரம்பிக்கும். கடைசியில் ஜீவா என்று ஒரு ஆளே இல்லை, எல்லாம் ஒளியால் செய்த உருவம் என்று தெரியவருகிறது. ஆனால் அந்தப் பொய் உடைந்த பிறகும் சனங்களுக்கு விடுதலை இல்லை. ரவியும் மனோவும் நிலாவை ராணியாக உட்காரவைத்துவிட்டுப் பின்னாலிருந்து ஆளுகிறார்கள்.

எனக்கு இந்த நாவல் கிடைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். வாலிப வயசில் எங்கள் பக்கத்து ஊர்ப் பண்ணை வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணக் கூப்பிட்டார்கள். தூசிக்குள் கிடந்தது, விகடனிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணின புத்தகம். கரையான் ஓரம் தின்றிருந்தது. "வேணும்னா எடுத்துட்டுப் போ, அடுப்புக்காச்சு" என்றார்கள். துண்டில் சுற்றி எடுத்துவந்து மூணு ராத்திரி விளக்கு வைத்துப் படித்தேன். பிரமாதமாக இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. அந்த ஜீனோ நாயை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பொம்மையாக இருக்கச் சொன்னார்கள், அது படித்துவிட்டது. எங்களுக்கு அந்தக் கதை தெரியும்.

ஆனால் படித்தவர்கள் எல்லோரும் பயந்த இடத்தில் எனக்குப் பயம் வரவில்லை. ரெண்டெழுத்துப் பெயர் என்றதும் பத்திரிகை வாசகர்களுக்குத் திக்கென்று இருந்திருக்கும். எங்க தாத்தாவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று. பண்ணையில் பத்து வயசுப் பையன் கூப்பிட்ட பெயர் 'ஏலேய்'. எண்ணிப் பாருங்கள், அதுவும் கிட்டத்தட்ட ரெண்டெழுத்துதான். பிள்ளை பெற அனுமதி வாங்க வேண்டுமா என்று அதிர்ந்தார்கள். கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம், பொணம் எந்தப் பாதையில் போகலாம், சைக்கிளிலிருந்து எந்த இடத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அனுமதியின் பேரில் வாழ்ந்த சனங்கள் நாங்கள். அவர்கள் எதிர்காலம் என்று எழுதிப் பயந்தது எங்களுக்குக் கடந்த காலம். பல ஊர்களில் அது இன்னும் கடக்கவும் இல்லை.

ஜீவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் நேரில் பார்த்ததில்லை. தொட்டுப் பார்க்க உடம்பு கிடையாது. ஆனால் அத்தனை பேரும் அடிபணிகிறார்கள். அவன் பேரைச் சொல்லி ஆளையே காணாமல் அடிக்கிறார்கள். சாதிக்கு இதைவிட நல்ல உருவம் தமிழில் யாரும் எழுதியிருக்கிறார்களா? சுஜாதா அதை நினைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. நாங்கள் அப்படித்தான் படித்தோம், அவ்வளவுதான். எழுதினவன் வைத்ததை மட்டும்தான் படிக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே.

*

இப்போது ரோபோ என்கிற வார்த்தைக்கு வருகிறேன். பையன் திரைக்கதையில் அது பக்கத்துக்குப் பத்து தடவை வருகிறது. அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று கேட்டேன். அமெரிக்காவா மாமா என்றான். இல்லை. செக் மொழிக்காரர் காரெல் சாப்பெக் 1920இல் 'ஆர்.யு.ஆர்.' என்று ஒரு நாடகம் எழுதினார். 1921இல் பிராகா நகரத்தில் மேடையேறியது. தொழிற்சாலையில் செய்து விற்கப்படும் செயற்கை மனுசர்களுக்கு அதில் 'ரோபோட்' என்று பெயர். அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் ஜோசப். செக்கில் 'ரோபோத்தா' என்றால் பண்ணையார் நிலத்தில் குடியானவன் வாரத்துக்கு இத்தனை நாள் என்று கூலியில்லாமல் செய்து தீரவேண்டிய கட்டாய வேலை.

அந்த வேலைக்குத் தமிழில் என்ன பேர்? வெட்டி. சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே இந்தச் சொல் இருக்கிறது. கூலி கிடையாது, கேள்வி கிடையாது. வெட்டியான் என்ற பேரும் இதிலிருந்து வந்தது என்பார்கள். கண்மாய் மடை பார்க்க, சாவுச் சேதி சொல்ல, பொணம் எரிக்க, தமுக்கடிக்க, அதிகாரி வந்தால் முன்னால் ஓட. ஆக, 'ரோபோ' என்பதைச் சரியாகத் தமிழ்ப்படுத்த வேண்டுமானால் இயந்திர மனிதன் என்று எழுதக் கூடாது. வெட்டியான் என்றுதான் எழுத வேண்டும். அதில் ஒரு கொடுமையும் உண்டு. கூலியில்லாமல் ராப்பகலாக உழைத்தவனுக்கு வைத்த சொல் பிற்காலத்தில் வேலைவெட்டி இல்லாதவனைத் திட்டுகிற சொல்லாக மாறிவிட்டது. 'வெட்டிப்பய' என்று இன்றைக்கும் சினிமாவில் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார்கள்.

ரோபோ மனுசனாகுமா, அதுக்கு உணர்ச்சி வருமா, ஒருநாள் எதிர்த்து நிற்குமா என்று நூறு வருசமாக உலகம் பூராவும் கதை எழுதுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். இந்தக் கேள்வியை மனுசனாகவே பிறந்து மனுசனாகவே மதிக்கப்பட்டவர்கள் கேட்கும்போது அது சுவாரசியமான கற்பனை. மனுசனாகப் பிறந்து இயந்திரமாக வைக்கப்பட்டவர்கள் கேட்டால் அது வேறு கேள்வி. அந்த வேறு கேள்வியை வைத்து இதுவரைக்கும் தமிழில் ஒரு விஞ்ஞானப் படம் வரவில்லை.

வந்த பெரிய படம் 2010இல் ஷங்கரின் 'எந்திரன்'. சன் பிக்சர்ஸ் தயாரிப்பு, ரஜினிகாந்த் நடிப்பு. சுஜாதா அந்தத் திரைக்கதையில் வேலை செய்தார், 2008இல் இறந்துபோனார். 'என் இனிய இயந்திரா'வின் சாயல் அதில் இருப்பதைப் பலரும் எழுதினார்கள். அந்தச் சிட்டி ரோபோ என்னென்ன செய்கிறது? சமைக்கிறது, சண்டை போடுகிறது, பிரசவம் பார்க்கிறது, காதலிக்குக் கொசு பிடித்துக்கொண்டு வருகிறது. ராணுவத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விஞ்ஞானி ஆசைப்படுகிறார். மலக்குழிக்கு அனுப்பலாமே என்று மூணு மணி நேரப் படத்தில் ஒரு பாத்திரத்துக்கும் தோன்றவில்லை. நெருப்புப் பிடித்த குடியிருப்பில் குளித்துக்கொண்டிருந்த ஏழைப் பெண்ணை சிட்டி காப்பாற்றித் தூக்கிவருகிறது. ஊர் பார்க்க உடம்பில் துணியில்லாமல் நின்ற அவமானத்தில் அவள் ஓடி வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். அவள் சாவு எதற்குப் பயன்படுகிறது? ரோபோவுக்கு மனித உணர்ச்சி கற்றுத்தர வேண்டும் என்று விஞ்ஞானி முடிவெடுக்கப் பயன்படுகிறது. எங்க சனம் செத்துத்தான் அவர்கள் இயந்திரத்துக்குப் பாடம் நடக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்தப் படத்தின் கடைசிக் காட்சியை நான் மறக்கவில்லை. 2030இல் ஒரு அருங்காட்சியகம். பிரித்துப்போட்ட சிட்டியின் தலையைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று, உன்னை ஏன் பிரித்துப் போட்டார்கள் என்று கேட்கிறது. சிந்திக்கத் தொடங்கியதுதான் காரணம் என்று அது பதில் சொல்கிறது. தியேட்டரில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. எங்க தெருவில் முதன்முதலில் பத்தாவது படித்தவருக்கு என்ன நடந்தது என்று எங்கம்மா சொல்லிய கதை ஞாபகம் வந்து உட்கார்ந்திருந்தேன்.

வெளிநாட்டிலும் இதே கதைதான் என்று காட்ட ஒரு படத்தை மட்டும் சொல்கிறேன். தேயா ஃபோன் ஹார்பு என்கிற ஜெர்மன் எழுத்தாளர் 1925இல் எழுதிய நாவலை வைத்து ஃபிரிட்ஸ் லாங் 1927இல் எடுத்த 'மெட்ரோபோலிஸ்'. ஊமைப்படம். மேலே பணக்காரர்களின் தோட்டம், கீழே பூமிக்கடியில் இயந்திரத்தோடு இயந்திரமாகத் தொழிலாளிகள். விஞ்ஞானப் படம் எடுக்கிறவர்களுக்கெல்லாம் அதுதான் பாடப்புத்தகம். முடிவு என்ன தெரியுமா? தலைக்கும் கைகளுக்கும் நடுவே இதயம் இருந்து சமாதானம் செய்ய வேண்டுமாம். முதலாளியும் தொழிலாளியும் கை குலுக்குகிறார்கள், படம் முடிகிறது. தலை, கை, தொடை, பாதம் என்று பிரித்துவைத்த வேத வாக்கைக் கேட்டே வளர்ந்த நமக்கு இதில் புதுசாக என்ன இருக்கிறது? தலை தலையாகவே இருக்கும், கை கையாகவே இருக்கும், நடுவில் ஒரு நல்ல மனசு வந்துவிட்டால் போதும். பாதத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

*

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் இயந்திரத்துக்கு எதிரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் பள்ளத்தாக்கே விஞ்ஞானத்தில் பிழைக்கிற இடம். மேற்கே ஓடிய பெரியாறை மறித்து, மலையில் சுரங்கம் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டது 1895இல். அதற்கு அம்பது வருசம் முன்னால் ஒருத்தன் இதைக் கதையாக எழுதியிருந்தால் பைத்தியக்காரன் என்றிருப்பார்கள். அந்தத் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. எங்க மார்க்கையன்கோட்டை வாய்க்காலில் ஓடுவதும் அந்தத் தண்ணீர்தான். பென்னிகுவிக் படத்தைச் சாமி படத்தோடு மாட்டி வைத்திருக்கிறார்கள், மாட்டட்டும். காட்டுக் காய்ச்சலில் செத்துக் கல் சுமந்தவர்களின் படம் எந்த வீட்டிலும் இல்லை. தண்ணி திரும்பியது. நிலம் யார் பேரில் இருந்தது என்ற கணக்கு மட்டும் திரும்பவில்லை. வரப்பில் நடக்க உரிமை கிடைத்தது, வயல் கிடைக்கவில்லை.

அடுத்த இயந்திரம் அறுவடைக்கு வந்தது. எங்க அம்மா காலத்தில் கதிரறுப்பு என்றால் தெருவே கிளம்பும். பொழுது விடிய முன்னால் அருவாளோடு போய், கட்டுக் கட்டி, தூக்கிச் சுமந்து, களத்தில் அடித்து, சாயங்காலம் கொத்து நெல்லோடு வருவார்கள். இடுப்பு ஒடிகிற வேலை. அதைச் செய்யாமல் இருந்தால் நல்லதுதான். இப்போது ஒரு ஏக்கரை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் வழித்துப் போட்டுவிட்டுப் போகிறது. ஆனால் அது மிச்சப்படுத்திய நேரம் எங்க அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. கொத்து நெல்தான் போனது. பொம்பளைகள் மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு விடியக்காலம் ஜீப்பில் அடைந்துகொண்டு ஏறினார்கள். அந்த ஜீப்பு உருண்டு செத்தவர்களும் உண்டு.

இந்த இடத்தில்தான் அம்பேத்கரைப் படிக்க வேண்டும். 'காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன' என்ற புத்தகம், 1945. இயந்திரம் வேண்டாம், கிராமத்துக்கும் ராட்டைக்கும் திரும்புவோம் என்ற காந்தியத்தை அவர் அதில் கிழிக்கிறார். மிருகம் மாதிரி உழைத்தே சாகிறவனுக்குப் பண்பாடு எங்கிருந்து வரும்? ஓய்வு வேண்டும். ஓய்வு வேண்டுமானால் இயந்திரம் வேண்டும். இயந்திரத்தால் கெடுதல் வந்தால் குற்றம் இயந்திரத்தில் இல்லை, தனிச்சொத்தைப் புனிதமாக்கி வைத்திருக்கிற சமூக அமைப்பில் இருக்கிறது. அவர் வாதத்தின் சாரம் இது. நம்ம ஆட்களிலேயே சிலபேர் 'பாரம்பரியம்', 'இயற்கை வாழ்வு' என்று பேசும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பாரம்பரியத்தில் நாம எங்க நின்னோம்னு யோசிச்சுப் பாருங்க.

ஆக இயந்திரத்தைப் பற்றிப் படம் எடுப்பவன் கேட்க வேண்டியது ரெண்டே கேள்வி. அது யாருடைய வேலையை எடுத்துக்கொள்கிறது? மிச்சமாகிற நேரம் யாருக்குப் போகிறது?

எங்களுக்குக் கூலி தந்த வேலையை எடுத்துக்கொள்ள இயந்திரம் ஓடோடி வந்தது. எங்க உயிரை எடுக்கிற வேலைக்கு மட்டும் வர மறுக்கிறது. எங்க தெருவுக்கும் அருந்ததியர் தெருவுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். அதைத் தாண்டிப்போய் விளையாடினால் எங்க வீட்டிலேயே அடி விழும் என்பதையும் இங்கே மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். அந்தத் தெருவில் எனக்கு ஒரு கூட்டாளி. அஞ்சாவது வரை ஒன்றாகப் படித்தோம். வீட்டில் தெலுங்கு பேசுவான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். துப்புரவு வேலைக்கு வெளியூர் போனான். ஒரு பெரிய கட்டடத்தின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். அவன் மயங்கியதைப் பார்த்துத் தூக்க இறங்கியவனும் வரவில்லை. மனுசனை மலம் அள்ள வைப்பதைத் தடுக்க 1993இலேயே சட்டம் வந்துவிட்டது. 2013இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. கூட்டாளி செத்தது அந்த ரெண்டு சட்டத்துக்கும் பிறகு. செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை ஏறுகிறது. மனுசன் இறங்குவது நிற்கவில்லை.

இயந்திரம் இல்லாமலும் இல்லை. திருவனந்தபுரத்துப் பையன்கள் சிலர் சேர்ந்து ஒரு ரோபோ செய்தார்கள், 2018இல் கேரளத்தில் வேலைக்கு வந்தது. சிலந்தி மாதிரிக் காலை விரித்துக்கொண்டு பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி, காமிரா கண்ணால் பார்த்து, அடைப்பை வாரி மேலே கொண்டுவருகிறது. தமிழ்நாட்டிலும் சில நகரங்கள் வாங்கியிருக்கின்றன. சென்னை ஐஐடியிலும் மலக்குழிக்கென்றே ஒன்று செய்திருக்கிறார்கள். கேரளத்து ரோபோவுக்குப் 'பேண்டிகூட்' என்று பெயர். பெருச்சாளி என்று அர்த்தம். ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் போனதே தெலுங்கிலிருந்துதான், 'பந்திகொக்கு'. என் கூட்டாளி வீட்டுப் பாசையில் பெயர் வைத்த இயந்திரம் இருக்கிறது. அவன் இல்லை.

சந்திரனுக்குக் கலம் அனுப்பி 2023இல் பத்திரமாக இறக்கிய நாடு இது. பத்தடி தொட்டிக்குள் இயந்திரத்தை இறக்க முடியாதா? முடியும். செலவு கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள். ஒரு மனுசனை அனுப்புவது மலிவாக இருக்கும் வரைக்கும் எந்த இயந்திரமும் கட்டுப்படியாகாது. அந்த மலிவை நிர்ணயிப்பது சந்தை இல்லை, சாதி. இது விஞ்ஞானப் பிரச்சினையே இல்லை.

*

மூணாம் நாள் பையன் வந்தான். இதில் பாதியை அவனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"மாமா, நீங்க சொல்றது சரி. ஆனா எப்பப் பாத்தாலும் படத்துல நாமதான் சாகணுமா? அவங்க படத்துல நம்மாளு அடியாளு. நம்ம படத்துல நம்மாளு பொணம். பேசற நாய், பறக்கற வண்டி, இதெல்லாம் நமக்குக் கெடையாதா? நானும் மலக்குழியவே எடுத்தா, அழுதுட்டு எந்திரிச்சுப் போவாங்க. எனக்கு அழுகைய எடுக்க வேணாம். எனக்குப் பறக்கணும்."

நான் வாயடைத்துப் போனேன். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. திவ்யபாரதி 2017இல் 'கக்கூஸ்' ஆவணப்படம் எடுத்தார். யாராலும் முழுசாகப் பார்க்க முடியாததைப் பார்க்கவைத்தார். அது தேவையாக இருந்தது. ரஞ்சித்தும் மாரி செல்வராஜும் வந்த பிறகு நம்ம கடந்த காலமும் நிகழ்காலமும் திரைக்கு வந்துவிட்டது. 2018இல் 'பரியேறும் பெருமாள்' படத்தின் கருப்பி நாயைப் பார்த்து ஊரே அழுதது. ஆனால் எதிர்காலம்? அதை எப்போது எடுத்தாலும் அதில் நாம் இல்லை. கண்ணாடிக் கட்டடம் இருக்கும், சேரி இருக்காது. சேரியை ஒழித்துவிட்டார்களா, சேரிச் சனத்தையே ஒழித்துவிட்டார்களா என்று சொல்ல மாட்டார்கள். பஞ்சமி நிலம் மாதிரிதான் இதுவும். நம்ம பேரில் இருக்க வேண்டியதை வேறு ஒருத்தன் வேலி போட்டு அனுபவிக்கிறான். அதை மீட்கக் கிளம்பிய பையனிடம் போய் நான் கக்கூஸ் எங்கே என்று மட்டும் கேட்டால் எப்படி?

ஆகவே என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. அவனிடம் சொன்னதையே இந்த நாவலை எடுக்க நினைக்கும் யாருக்கும் சொல்கிறேன். கதையைச் சென்னையிலிருந்து கிளப்பிக் கொண்டுவாருங்கள். 2051இல் சின்னமனூரும் குச்சனூரும் மார்க்கையன்கோட்டையும் இருக்காதா என்ன? ரெண்டெழுத்துப் பெயரை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் "எந்தத் தெரு?" என்று ஒருவன் கேட்கட்டும். ஜீவா என்கிற ஒளிப்பொய்யை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அதைவிட நல்லது கிடைக்காது. பொய் உடைந்த பிறகு நாற்காலியில் உட்காருவது யார் என்ற கசப்பையும் மாற்றாதீர்கள். நிலாவை ராணியாக்கிவிட்டுப் பின்னால் நின்று ஆளும் கூட்டத்தைத் தனித்தொகுதிகளில் நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். சனம் நம்பும்.

மலக்குழிச் சாவைக் காட்ட வேண்டாம். அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்ட மறுநாள் காலையைக் காட்டுங்கள். தலைமுறை தலைமுறையாக விடியுமுன்னே எழுந்து ஊர் அழுக்கை வாரப்போன ஒருத்திக்கு இனிமேல் அந்த வேலை இல்லை. கூலி போகவில்லை, ஏனென்றால் இயந்திரம் அவள் பேரில் இருக்கிறது. அம்பேத்கர் கேட்ட ஓய்வு அவளுக்குக் கிடைத்துவிட்டது. அந்தக் காலைப்பொழுதை எந்த நாட்டு விஞ்ஞானக் கதையிலும் நான் படித்ததில்லை. பறக்கும் வண்டியைவிட அதுதான் பெரிய கற்பனை என்பேன்.

பையன் ஒன்றும் சொல்லாமல் போனான். போன வாரம் முதல் பக்கத்தைத் திருத்தி அனுப்பியிருக்கிறான். கி.பி. 2051, மார்க்கையன்கோட்டை, காலை நாலு மணி. வாய்க்கால் ஓரத்து வீட்டில் ஒரு பொம்பள பழக்கதோசத்தில் முழித்துக்கொள்கிறாள். விளக்குமாறைத் தேடுகிறாள், பிறகு ஞாபகம் வந்து உட்காருகிறாள். பக்கத்தில் ஜீனோ. கறுப்பு நிறம். அது புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறது. தலையைத் தூக்கி அவளைப் பார்க்கிறது.

அதற்குக் கீழே பக்கம் காலியாக இருக்கிறது. ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறான்: "மாமா, இதுக்கப்புறம் அவ என்ன செய்வா?"

எனக்குத் தெரியவில்லை தோழர்களே. ஒரு வாரமாக யோசிக்கிறேன். எங்க அம்மாவிடம் கேட்டேன், "தூங்குவாடா" என்றாள். தெருவில் இன்னொருத்தியைக் கேட்டேன், சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நீங்களும் உங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். கேட்டு எழுதுங்கள். படம் அந்தப் பக்கத்துக்காகக் காத்திருக்கிறது.